பெட்டியடி முதல் மேலாள் வரை: நகரத்தார் கடல்கடந்த கடைகளில் கணக்குத் தொழிலும் அதன் படிநிலைகளும்

முன்னுரை

தமிழகத்தில் கணக்கு எழுதி வாழ்ந்தோரின் வரலாறு பெரும்பாலும் கிராமக் கர்ணத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நிலப் பதிவேடுகளும் வரி ஆவணங்களும் அரசுக் காப்பகங்களில் மிகுதியாக எஞ்சியிருப்பது இதற்கு ஒரு காரணம். ஆயின் கர்ணம் வேலை பரம்பரை வழியில் வந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பணிச் சட்டம் அவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவமும் அளித்தது. தந்தையின் சுவடிக்கட்டு மகன் கைக்கு வந்து சேரும் அம்முறையில் தொழிலைத் தொடங்குதல், அதில் உயர்தல் என்னும் கேள்விகளுக்கு இடம் குறைவு.

அக்கேள்விகளுக்கு விடை தேடுவதற்குப் பொருத்தமான களம் வேறொன்று உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய வட்டிக்கடைகளே அக்களம். ஒன்றும் அறியாச் சிறுவனாகக் கடைக்குள் நுழைந்த ஒருவன், படிப்படியாக உயர்ந்து, சில வேளைகளில் தன் விலாசத்திலேயே கடை வைக்கும் நிலையையும் எட்டிய பாதை அங்கு இருந்தது. அப்பாதை கணக்கைக் கற்பித்தது. கணக்கு எழுதுபவனையே கணக்கில் வைக்கும் ஏற்பாடாகவும் அதுவே பயன்பட்டது. உறவும் ஊரும் தந்த நம்பிக்கை அதன் வலிமையாக இருந்தது. பிறரை வெளியே நிறுத்திய கதவும் அந்நம்பிக்கையே என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

எண்ணறிவு

கடைக்குச் செல்லுமுன் சிறுவனுக்கு அடிப்படையைத் தந்தது திண்ணைப் பள்ளி. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து ஆகியவற்றை உரக்கச் சொல்லி மனத்தில் பதிப்பதே அங்குக் கல்விமுறை. காலனிய அதிகாரிகள் பலர் இதனை வெறும் உருப்போடுதல் என்று தள்ளினர். செந்தில் பாபுவின் ஆய்வுகள் அம்மதிப்பீட்டை மாற்றியுள்ளன. நினைவாற்றல் அங்கு ஒரு கற்றல் முறையாகவே செயற்பட்டது என்பதை அவர் விரிவாக நிறுவியுள்ளார்.

வட்டிக்கடையின் அன்றாடக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் அம்மனனத்தின் பயன் தெளிவாகும். தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மாகாணி அல்லது வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. அரைக்கால் எட்டில் ஒரு பங்கு. பிரித்தானிய இந்திய ரூபாயோ பதினாறு அணாக்களைக் கொண்டது. ஆகவே திண்ணையில் கற்ற பின்ன வாய்பாடு நாணயத்தின் மேல் அப்படியே பொருந்தியது. எடுத்துக்காட்டாக, நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றேகால் ரூபாய் வட்டியில் 350 ரூபாய் கடன் போயிருக்கிறது எனக் கொள்வோம். ஒரு மாத வட்டி 4 ரூபாய் 6 அணா. இரண்டரை மாதத்திற்கு 10 ரூபாய் 15 அணா. திண்ணை மொழியில் பத்தே முக்காலே மூன்று வீசம். கடன்காரர் எதிரில் நிற்கும்போதே தாளும் பேனாவும் இன்றி இவ்விடையைச் சொல்ல வேண்டும். விடை தாமதமானால் கடைக்காரர் தடுமாறுகிறார் என்ற எண்ணம் எதிரிலிருப்பவருக்குத் தோன்றும்; தொழிலில் அது நட்டம்.

பெட்டியடி

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், நகரத்தார் சிறுவர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வங்கித் தொழிலில் பழகத் தொடங்குவதைக் குறிப்பிடுகிறார். கடையில் அச்சிறுவனுக்குரிய பெயர் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அருகில் இருப்பவன் என்பது பொருள். கடையைக் கூட்டுதல், கடிதம் கொண்டு சேர்த்தல், கூப்பிட்ட குரலுக்கு ஓடுதல் ஆகியன அவன் வேலைகள். பேரேட்டில் கைவைக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆயினும் அவன் அமர்ந்திருக்கும் இடம் முக்கியமானது. யார் வந்தார், எவ்வளவு கேட்டார், மேலாள் எதை மறுத்தார், எதற்குச் சிரித்துக்கொண்டே காலம் கடத்தினார் என அனைத்தும் அவன் கண்முன் நிகழ்ந்தன. பாடத்திட்டம் எதுவும் எழுதப்படாத பள்ளி அது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே நீண்ட கூடத்தில் பல விலாசங்களின் ஆட்கள் அடுத்தடுத்துப் பெட்டி வைத்து அமர்ந்திருந்தனர். அங்கு ஒரு பையன் தன் கடையோடு பக்கத்துக் கடைகளின் நடைமுறையையும் காண முடிந்தது.

அக்காலத்தில் பிரிட்டனில் பட்டயக் கணக்கரிடம் பயிற்சிக்குச் சேரும் இளைஞன் தன் குருவுக்குப் பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்துவது வழக்கம். ஆகையால் வசதி படைத்த குடும்பத்தாருக்கே அவ்வாயில் எளிதாயிற்று. பெட்டியடிப் பையன் எதையும் செலுத்தவில்லை. உணவும் உறைவிடமும் கடையின் பொறுப்பு. சிறுதொகை ஊதியமும் உண்டு. பணத்தின் இடத்தில் வேறொன்று பிணையாக நின்றது. பையன் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்பதே அப்பிணை. அவன் தவறிழைத்தால் ஊரில் இருக்கும் தந்தையின் பெயர் கெடும். ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் திருமண உறவுகளை அமைத்துக்கொண்ட சமூகத்தில் பெயர் கெடுதல் பணஇழப்பினும் கொடிது.

தொழிலில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற சிலரின் தொடக்கமும் இதுவே. முருகப்பா குழுமத்தின் நிறுவனரான அ.மு.முருகப்பச் செட்டியார் 1884இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பர்மா சென்று உறவினரின் தொழிலில் பயிற்சி பெற்றார். அக்குழுமம் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வது 1900. ஆனால் இத்தகைய வெற்றிக் கதைகளைக் கொண்டே அம்முறையை மதிப்பிடுவது பிழையாகும். பெயர் எழுதப்படாத அடுத்தாட்கள் பல்லாயிரவரின் உழைப்பில் நடந்தவை அக்கடைகள்.

அடுத்தாளும் மேலாளும்

பையனுக்கு அடுத்த படி அடுத்தாள். குறிப்பேட்டில் அன்றன்றைய வரவு செலவைப் பதிதல், அதிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுதல், வட்டிச் சிட்டையைக் கணித்தல் ஆகியவை அவன் பொறுப்பு. குறித்த காலங்களில் ஐந்தொகை எடுத்துச் செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்கு அனுப்ப வேண்டும். (இலங்கைத் தமிழ்க் கணக்கியல் பாடநூல்களில் ஐந்தொகை என்னும் சொல் நெடுங்காலம் வழங்கியது. தமிழகத்தில் இருப்புநிலைக் குறிப்பு என்ற புத்தாக்கம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வணிகர் வழக்கில் உயிரோடு இருந்த சொல்லைப் பாடநூலார் கைவிட்டது இழப்பே.) நகரத்தார் பேரேடு மேலை நாட்டு இரட்டைப் பதிவு முறையை எவ்வளவு ஒத்திருந்தது என்ற விவாதம் உண்டு. தொழில் வரலாற்றுக்கு அதனினும் பயன்தரும் கேள்வி, ஒரே பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பது. ஒரு கடன் குறிப்பேட்டிலும் பேரேட்டிலும் ஐந்தொகையிலும் தடம் விட்டது. அத்தடங்களை வெவ்வேறு நிலையில் உள்ளோர் பார்த்தனர்.

கடையின் தலைமை மேலாளிடம் இருந்தது. முதலாளியின் சார்பில் கடன் கொடுக்கவும் வழக்காடவும் அதிகாரப் பத்திரம் பெற்றவர் அவர். சம்பளச் சீட்டின்படி அவரது பணிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. ஊதியத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் கிடைத்தது. காலம் முடிந்தபின் இலாபத்திற்கேற்ற வெகுமதி உண்டு. இடையில் குடும்பத்தைக் காண இயலாது. மனைவியர் உடன் செல்லாமை நெடுங்கால வழக்கம்.

இம்மூன்றாண்டு எல்லையை ஊர் திரும்பும் விருப்பத்தோடு மட்டும் தொடர்புபடுத்தி விளக்குவது போதாது. அது ஒரு தணிக்கை ஏற்பாடாகவும் இருந்தது. காலம் முடிந்த மேலாள் தம் புத்தகங்களைப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். வராக்கடனை நல்ல கடன்போல் காட்டி வைத்திருந்தால் அடுத்தவர் அதைத் தம் தலையில் ஏற்க மாட்டார், ஊருக்கு எழுதிவிடுவார். வெளித் தணிக்கையாளர் என ஒருவர் இல்லாமலேயே ஒவ்வொரு பேரேடும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதைக் குறைகாண்பதில் தன்னலம் உள்ள ஒருவரால் வாசிக்கப்பட்டது. ஊர் திரும்பியவர் இடைவெளிக்குப்பின் மீண்டும் சீட்டு எழுதிக்கொண்டு புறப்படுவார். சேர்த்த ஊதியத்தையும் மனைவியின் சீர்ப்பணத்தையும் ஒரு கடையில் வட்டிக்குப் போட்டு வைத்து, போதிய தொகை திரண்டபின் பங்காளியாவதும் தனிக்கடை வைப்பதும் உயர்வின் அடுத்த படிகள். ஆச்சிமார் கடல் கடக்கவில்லை. அவர்கள் பணம் கடந்தது.

இவ்வாறு பயின்றவர்களைக் கொண்டு இயங்கிய அமைப்பின் அளவு சிறியதன்று. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1929-30ஆம் ஆண்டு அறிக்கை அந்நாட்டில் செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றில் புழங்கிய மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இரங்கூன் முகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி வீதத்தை உறுதி செய்தனர். அவ்வீதமே தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அளவாயிற்று. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில், இக்கடைகளைத் தனித்தனி வட்டித் தொழிலாகக் காணாமல் சாதி அமைப்போடு பின்னிய வங்கி வலையாகக் காண வேண்டும் என வாதிடுகிறார். இக்கட்டுரையின் நோக்கில், அவ்வலையின் முடிச்சுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மேலாளும் அவர் பேரேடும் இருந்தனர் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழின் வருகை

நம்பிக்கையை உறவில் தேடிய இம்முறைக்கு இணையாக, அதைத் தேர்வில் தேடிய மற்றொரு முறை அக்காலத்திலேயே வளர்ந்தது. 1913ஆம் ஆண்டின் இந்திய நிறுமச் சட்டம் நிறுமங்களின் கணக்கைத் தகுதிபெற்றவர் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 1932இல் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் வந்தன. பதிவுபெற்ற கணக்கர் என்னும் தகுதி அவற்றால் உருவானது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டம் அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நகரத்தாரும் இம்மாற்றத்தை உணராமல் இல்லை. மு.சித.மு.சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கினார். கூட்டுப்பங்கு நிறுமமான அவ்வங்கியில் ஐந்தொகை முதலாளிக்கு மட்டும் உரிய மறைபொருளாக இருக்க முடியாது. சட்டப்படி தணிக்கைக்கு உட்பட்டு அது வெளியிடப்பட வேண்டும்.

தேர்வு முறை எவருக்குக் கதவைத் திறந்தது என்பதற்குச் சென்னையின் ஆர்.சிவபோகம் சிறந்த சான்று. பெட்டியடியில் அமரும் வாய்ப்புப் பெண்ணுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற சிவபோகம், கணக்கியல் தேர்வில் 1933இல் தேர்ச்சியுற்று இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரானார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்னிந்திய மன்றத்திற்குத் தலைமையும் வகித்தார். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியைத் தேர்வுத்தாள் கேட்கவில்லை. அதே தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது; இருபதாண்டு பேரேடு எழுதிய அடுத்தாள் அதன்முன் தகுதியற்றவராக நின்றார் என்பதையும் மறக்கலாகாது.

முறிவு

1930களின் பொருளாதார மந்தம் பேரேட்டின் தன்மையையே மாற்றியது. நெல்விலை வீழ்ந்தபின் பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை 1937இல் 25 விழுக்காட்டை எட்டியது. பணத்தைப் பணமாகவே திரும்பப் பெறப் பயின்ற மேலாள் இப்போது குத்தகையும் நெல்லும் எழுத வேண்டியவரானார். உழவரின் சினம் அவர்மீது திரும்பியதில் வியப்பில்லை. நிலம் இழந்தவர் கண்ட முகம் செட்டிநாட்டு முதலாளியினுடையதன்று, மேலாளினுடையது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும் வெளியேற்றமும் வந்தன. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. நினைவில் சுமந்த வாய்பாடும் கையில் சுமந்த புத்தகமும் இருந்தும், வசூலிக்க வேண்டிய கடன் அந்நிய மண்ணில் நின்றுபோயிற்று.

இம்முறிவின் மனிதப் பக்கத்தை ஆவணங்களினும் புனைகதை நெருங்கிக் காட்டுகிறது. ப.சிங்காரம் 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகரில் ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரது ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் முதலாளி வயிரமுத்துப் பிள்ளை நகரத்தார் அல்லர். அண்டைச் சமூகங்களும் இக்கடைமுறையை அப்படியே ஏற்றிருந்தமைக்கு இது சான்று. அவரது கடையில் பணிபுரிந்த செல்லையா, போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து வீரனாகத் திரும்புகிறான். முதலாளியின் மகளை விரும்பும் அவனுக்கு அவளை மணம்செய்து தர முதலாளி மறுக்கிறார். அவன்மீது அவருக்கு வெறுப்பு இல்லை. திறமையில் ஐயமும் இல்லை. துப்பாக்கி பிடித்துப் பழகியவனிடம் பெட்டியடியில் கற்ற பணிவும் பொறுமையும் இனி நில்லா என்பது அவர் கணிப்பு. மருமகனைத் தேர்வதும் கடைக்கு ஆள் தேர்வதும் அவருக்கு ஒரே கணக்கு.