உப்பிப்போன கண்டென்சர்: ஒரு ரீஸ்டார்ட்டின் வரலாறு

கம்ப்யூட்டர் நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஸ்கிரீன் கறுத்துப் போகும், மறுபடி முதல்ல இருந்து ஆன் ஆகும். 2000-களில் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவங்களுக்கு இது பழகின விஷயம். உடனே வீட்டில் வர்ற கேள்வியும் பழகினதுதான்: "என்னடா பண்ண?"

இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்வியைப் பத்தி. ஏன்னா, அந்தக் காலத்தில் கிராஷ் ஆன ஏராளமான மெஷின்களில் யாரும் எதுவுமே பண்ணல. பழுது தொழிற்சாலையில் இருந்தே கூட வந்தது.

நான் ஸ்கூல் படிக்கும்போது ஆம்பூர்ல எங்க வீட்டில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ரீஸ்டார்ட் ஆனா முதல் குற்றவாளி நான் விளையாடின கேம். அடுத்தது வைரஸ். அதுக்கு ஒரு காரணம் இருந்தது: 2003 ஆகஸ்ட்ல பரவின பிளாஸ்டர் வார்ம், 60 விநாடி கவுன்ட்டவுன் காட்டி மெஷினையே ரீஸ்டார்ட் பண்ணிடும். மூணாவது, கரண்ட். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. அதனால கரண்ட் மேல பழி போடுறதும் சுலபமா இருந்தது.

இதுல எக்ஸ்பியும் ஒரு வேலை பார்த்தது. கிராஷ் ஆனா நீலத் திரையில் காரணம் வரும். ஆனா கிராஷ் ஆனதும் தானா ரீஸ்டார்ட் ஆகணும்ங்கிறதுதான் அதோட டீஃபால்ட் செட்டிங். அதனால அந்தத் திரையை நாம படிக்கிறதுக்குள்ள மறைஞ்சிடும்.

சரி, பழுது எங்கே இருந்தது?

மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். புத்தகத்தில் அதுக்குப் பேரு கெப்பாசிட்டர், நம்ம ஊர் கடையில் கண்டென்சர். பென்டியம் 4 காலத்துப் பிராசஸருக்கு 1.5 வோல்ட் பக்கம்தான் மின்னழுத்தம், ஆனா கரண்ட் 50 ஆம்பியருக்கு மேல கூடப் போகும். அந்தக் குறைஞ்ச வோல்டேஜ் ஏறி இறங்காம சீரா போறதுக்குத்தான் இந்த உருளைகள். அது பலவீனமானா வோல்டேஜ் தள்ளாடும். கேம் மாதிரி கனமான வேலை வரும்போது மெஷின் விழுந்துடும். அதனாலதான் பழி கேம் மேல போச்சு.

அந்த உருளைக்குள்ள அலுமினியத் தகடும், எலக்ட்ரோலைட்ங்கிற திரவம் ஊறின காகிதமும் சுருட்டி வெச்சிருக்கும். 1990-களின் கடைசியில் தண்ணி அதிகம் கலந்த எலக்ட்ரோலைட் பிரபலமாச்சு. விலை குறைவு, வேலையும் நல்லா செய்யும். ஆனா தண்ணி அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அதைத் தடுக்கச் சரியான சேர்மானம் போடணும். தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில் அந்தச் சேர்மானம்தான் சரியா இல்ல. வாயு சேர்ந்து மண்டை உப்பும், வெடிக்கும், பழுப்புத் திரவம் கசியும். 2002, 2003-ல் இது செய்தியாச்சு. ஜப்பான்ல இருந்து திருடப்பட்ட ஃபார்முலா அரைகுறையா கைமாறிப் போனதுதான் காரணம்னு அப்போ பத்திரிகைகள் எழுதின. உலகம் இதுக்கு வெச்ச பேர் 'கெப்பாசிட்டர் பிளேக்'.

நம்ம பெல்ட்காரங்களுக்கு இது புதுக் கதை இல்ல. ஆட்டுத் தோலை உரிச்சதும் உப்பு போடணும். உப்பு குறைஞ்சா உள்ளே பாக்டீரியா வேலையை ஆரம்பிச்சிடும். ஆனா வெளியே பார்த்தா தோல் நல்லாத்தான் இருக்கும். சுண்ணாம்பில் போட்டு, முடி எடுத்து, குரோம் ஏத்தி, நீலமா வெளியே வந்தப்புறம்தான் மேல்பரப்பு அரிச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியும். அப்போ டேனரியில் டிரம் ஓட்டினவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? எங்கேயோ முதல் நாளே ஒரு கைப்பிடி உப்பு மிச்சம் பிடிச்சிருக்காங்க.

கம்ப்யூட்டரிலும் கடைசியா கையில் வெச்சிருந்தவர் மேலதான் பழி விழுந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரைக்கும் டெல் கம்பெனி அனுப்பின குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களில் இந்த அபாயம் இருந்ததுன்னு பின்னாடி கோர்ட் ஆவணங்களில் வெளியே வந்தது. 2010-ல் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதிச்சு. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் மெஷின்கள் செத்தப்போ, கஷ்டமான கணக்கைப் போட்டதால்தான் பழுதாச்சுன்னு கம்பெனி பக்கத்தில் இருந்து விளக்கம் வந்ததாம்! கணிதத் துறையைப் பார்த்து! 2005-ல் பழுதுக்காக டெல் 30 கோடி டாலர் ஒதுக்கிச்சு.

அசெம்பிள்டு மெஷின் வாங்கினவங்களுக்கு அந்த மாதிரி ஒதுக்கீடு எதுவும் கிடையாது. பாலாறு டேனரி வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை உறுதியா சொன்னது: கெடுத்தவரே செலவை ஏற்கணும். ஒரு ரூபாய்கூடப் பெறாத சேர்மானத்துக்காக, நம்ம தெருவில் மதர்போர்டு மாத்தின அப்பாக்களுக்கு அப்படிக் கேட்க ஒரு ஆளும் இல்ல, முகவரியும் இல்ல.

வேலூர் வெயில் வேற. இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதி. மே மாசம் 40 டிகிரி தாண்டுற ஊரில், நல்ல கெப்பாசிட்டரே சீக்கிரம் களைச்சுப் போகும்.

அதனால பழைய டெஸ்க்டாப் திடீர்னு விழுந்தா, ஃபார்மட் பண்ணலாம்னு கிளம்புறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. தானா ரீஸ்டார்ட் ஆகுற செட்டிங்கை எடுத்துவிட்டு, நீலத் திரையில் வர்ற எண்ணைக் குறிச்சுக்கங்க. எப்போ விழுதுன்னு எழுதுங்க: சூடானப்புறமா, கனமான வேலையிலா, சும்மா இருக்கும்போதா? பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாருங்க. உருளையோட மண்டை தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா அதை மாத்தணும், விண்டோஸை மாத்திப் பிரயோஜனம் இல்ல. எல்லாம் தட்டையா இருந்தாலும் பழுதில்லைன்னு அர்த்தம் இல்ல, அடுத்து ரேமையும் பவர் சப்ளையையும் சோதிக்கணும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீங்க, பிளக் எடுத்தப்புறமும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

முக்கியமா, மூடியைக் கழட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி வீட்டில் இருக்கிற பையனைத் திட்டாதீங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.