இரண்டாயிரம் வருஷம் உறங்கிய விதை

போன வருஷம் எடுத்து வைத்த விதையை இந்த வருஷம் விதைக்கும்போதே, "முளைக்குமோ, முளைக்காதோ" என்று நமக்கு மனசு அடித்துக்கொள்கிறது. நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் முடிந்து வைத்துப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக் கொட்டை ஒன்று முளைத்து மரமாகி நிற்கிறது என்றால் நம்புவீர்களா? கட்டுக்கதை இல்லைங்க, நடந்த சங்கதி.

இஸ்ரேல் நாட்டில் சாக்கடல் என்று ஓர் உப்பு ஏரி இருக்கிறது. மழையே அபூர்வமான பூமி. அதன் பக்கத்தில் ஒரு செங்குத்தான குன்றின் மேல் மசாடா என்ற கோட்டை. ஏரோது மன்னன் கட்டியது. கி.பி. 73 வாக்கில் ரோமானியர் படை அதை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1963 முதல் 1965 வரை அங்கே அகழாய்வு செய்தபோது, இடிபாடுகளுக்குள் பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன.

அந்தக் காலத்தில் யூதேயா நாட்டுப் பேரீச்சம்பழத்துக்கு ரோமாபுரி வரைக்கும் பேர். பிளினி என்ற ரோமானிய அறிஞரே அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அந்தப் பழைய தோப்புகளெல்லாம் அழிந்துபோயின. இப்போது அங்கே பயிராகும் பேரீச்சை ரகங்கள் 20-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை.

கிடைத்த கொட்டைகள் 40 வருஷம் சும்மா கிடந்தன. பிறகு சாரா சாலன் என்ற மருத்துவர் அவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கினார். 2005 ஜனவரியில் எலைன் சோலோவே என்ற பெண்மணி மூன்று கொட்டைகளை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, வளர்ச்சி ஊக்கி கொடுத்து, தொட்டியில் ஊன்றினார். அவருக்கே பெரிய நம்பிக்கை இல்லை. சில வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்று முளைத்திருக்கிறது! நீண்ட ஆயுள் வாழ்ந்ததாக பைபிள் சொல்லும் மெத்தூசலாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வேரில் ஒட்டியிருந்த கொட்டைத் தோலைச் சோதித்துப் பார்த்ததில், வயசு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் என்று உறுதியானது.

ஆனால் மெத்தூசலா ஆண் மரம். நம் பனையைப் போலத்தான் பேரீச்சையிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் மட்டும் இருந்தால் காய் ஏது? விடவில்லை அவர்கள். பழைய இடங்களில் கிடைத்த வேறு கொட்டைகளையும் ஊன்றினார்கள். இன்னும் ஆறு முளைத்தன. அதில் ஹன்னா என்ற பெண் மரம் பூத்தது. மெத்தூசலாவின் மகரந்தத்தை அதன் பாளையில் சேர்த்தார்கள். 2020-ஆம் ஆண்டு 111 பழம் பறித்தார்கள்!

அந்தக் கொட்டைக்குள் உயிர் எப்படித் தங்கியது? காய்ச்சல்தான் முக்கியக் காரணம். விதைக்குள் ஈரம் இருந்தால் அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சேர்த்து வைத்த சத்தைத் தின்று தீர்த்துவிடும், பூஞ்சாணமும் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த விதை ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. விதை ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, வெப்பம் 5 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது விதை நிபுணர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு.

எல்லா விதையும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். எகிப்துப் பிரமிடில் எடுத்த கோதுமை முளைத்தது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வதந்தி கிளம்பியது. நிஜமான பழங்கோதுமையைச் சோதித்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் காய்ந்தாலே செத்துப்போகும். எடுத்த சூட்டோடு ஊன்றிவிட வேண்டும்.

நமக்கு இரண்டாயிரம் வருஷம் வேண்டாம். அடுத்த பட்டம் வரைக்கும் தாங்கினால் போதும். விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்கு மேல் போகாமல் காயவையுங்கள். நிலக்கடலையை 9 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, உடைக்காமல் தோட்டோடு வையுங்கள். மூட்டையைத் தரையிலே போடாமல், சுவரில் சாய்க்காமல், கட்டை மேல் அடுக்குங்கள். கைவசம் பழைய நாட்டு ரகம் இருந்தால் ஒரு கலயமாவது தனியாகக் காப்பாற்றுங்கள். மசாடாவில் கொட்டை கிடைத்தது அதிர்ஷ்டம். நம் வீட்டு விதைக்கு அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். வெயிலையும் நம் கையையும் நம்புவோம்.