சுவர் ஒழுகுது... ஹவுஸ் ஓனர் கண்டுக்கலையா? வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் வழி இருக்கு!

மழைக்காலம் வந்தாலே பெட்ரூம் சுவர் ஊறும். சுவிட்ச்சைத் தொட்டா 'சுர்'ருனு ஷாக் அடிக்கும். ஓனர்கிட்ட சொன்னா, "இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க" என்பார். அட்வான்ஸ் மாட்டிக்குமேனு நீங்களும் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க. ஆனால், குடியிருக்கத் தகுந்த வீட்டைக் கேட்பது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் (2017) என்று ஒன்று இருக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது.

யார் எதைச் சரி செய்யணும்?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பொறுப்புகள் இப்படிப் பிரிகின்றன:

* ஓனர்: கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு, ஜன்னல்களுக்கு பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, எலெக்ட்ரிக் வயரிங்.
* நீங்கள்: டேப், வாஷர், சுவிட்ச், கீஸர், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சின்னச் சின்னப் பழுதுகள்.

அதாவது, டேப் சொட்டினால் உங்கள் செலவு. சுவருக்குள் குழாய் உடைந்து ஒழுகினால் அது ஓனர் செலவு. நீங்களே உடைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

ஓனர் செய்ய மறுத்தால்?

1. எழுத்தில் கேளுங்கள். போனில் பத்து தடவை சொன்னதைவிட, தேதியோடு அனுப்பிய ஒரு கடிதம் பலமானது. போட்டோ, வீடியோவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
2. நியாயமான அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால், நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழிக்கலாம். ஆனால், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில் பத்திரம்!
3. புகார் செய்யுங்கள். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை அதிகாரி (ரென்ட் அத்தாரிட்டி). உங்களை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ ஓனர் நிறுத்தினால், நேராக இவரிடம் போகலாம். இணைப்பை மீண்டும் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் இவருக்கு உண்டு.

முதல் பலம் அக்ரிமென்ட்

இதெல்லாம் கைகொடுக்க வேண்டும் என்றால், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். "நம்மளுக்குள்ள எதுக்குங்க பேப்பரெல்லாம்?" என்று ஓனர் சிரித்தால், நீங்களும் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடும்முன், 'எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு' என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா எனப் பாருங்கள். அந்த ஒரு வரி, மேலே சொன்ன பட்டியலையே புரட்டிப் போட்டுவிடும். குடிபோகும் அன்றே ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னும் என்ன வேண்டும்?

யார் எதைச் சரி செய்ய வேண்டும் என்று நம் சட்டம் பட்டியல் போடுகிறது. ஆனால், ஒரு வீடு குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இல்லை. இங்கிலாந்தில் 2019-ல் அமலுக்கு வந்த சட்டம், ஈரக்கசிவு, காற்றோட்டம், வெளிச்சம், தண்ணீர், கழிவுநீர் வசதி என்று ஒவ்வொன்றையும் பார்த்தே வீடு வாழத் தகுந்ததா என முடிவு செய்கிறது. அப்படி ஒரு பட்டியல் இங்கேயும் வந்தால், 'இது சின்ன ஈரம்தானே' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அதுவரை? அடுத்த தடவை சுவர் ஒழுகினால், பக்கெட்டை வைப்பதற்கு முன் போனை எடுத்து ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் ஓனருக்கு எழுதுங்கள்.