புறமுதுகு காட்டும் வீரம்

துருக்கியின் கிழக்கு மேட்டுநிலத்தில், எர்சுரும், பைபுர்ட் வட்டாரங்களில் இன்றும் ‘ஜிரித்’ ஆடுகிறார்கள். திறந்தவெளியின் இரு முனைகளிலும் குதிரைவீரர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் மட்டும் பிரிந்து எதிர்வரிசையை நோக்கிப் பாய்ந்து, ஒருவனைக் குறிவைத்து ஈட்டியை வீசுவான். வீசிய மறுகணமே குதிரையைத் திருப்பித் தன் வரிசைக்குப் பறக்க வேண்டும். சீண்டப்பட்டவன் விடுவானா? துரத்திவந்து முதுகைக் குறிபார்ப்பான். ஓடுகிறவன் சேணத்திலிருந்து சரிந்து குதிரையின் விலாவோடு ஒட்டிக்கொள்வான். கைதேர்ந்தவன் வருகிற ஈட்டியைப் பிடித்தும் விடுவான். நல்லவேளை, அது இரும்பு முனையில்லாத மரக்கோல்.

என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் உயிர் வீச்சில் இல்லை. திரும்பி ஓடுவதில் இருக்கிறது. பழைய போர்க்களங்களிலும் அப்படித்தான். கையிலிருந்த ஈட்டியை எறிந்துவிட்டு எதிரியின் அருகிலேயே நிற்பவனுக்குச் சாவுதான். கடிவாளமில்லாமலே குதிரை ஓட்டிய வட ஆப்பிரிக்க நுமிடியர்கள் இந்த ஓட்டத்தையே தூண்டிலாக்கினார்கள். கி.மு. 218-ல் ரோமின்மீது படையெடுத்த தளபதி ஹானிபல் அவர்களை இத்தாலியின் டிரெபியா ஆற்றுக்கு அப்பாலிருந்த ரோமானியர் முகாமுக்கு அனுப்பினான். ஈட்டி எறிந்து சீண்டிவிட்டு அவர்கள் பின்வாங்க, துரத்திய ரோமப்படை காலை உணவுகூட இல்லாமல் கடுங்குளிரில் ஆற்றில் இறங்கியது. மறுகரையில் ஹானிபலின் வீரர்கள் உண்டு, நெருப்பருகே உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று ரோம் பெருந்தோல்வி கண்டது.

கிரேக்கத் தளபதி செனோபன் குதிரையேற்ற நூலில் எறியும் முறையையே பாடமாகச் சொல்கிறார்: இடப்பக்கத்தை முன்கொடு, வலப்பக்கத்தைப் பின்னிழு, தொடைகளை அழுத்தி எழுந்து, முனை சற்றே மேல்நோக்க எறி. அங்கவடி இல்லாத காலம் அது, தொடைவலிமைதான் பிடிமானம்.

அவருக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், இன்றைய துருக்கியில் அடங்கும் அனத்தோலியாவின் கப்படோக்கியா மாகாணத்தை ரோமின் சார்பில் ஆண்ட அரியன், கி.பி. 136 வாக்கில் குதிரைப்படைப் பயிற்சி ஒன்றை விவரித்தார். பொன்முலாம் பூசிய முகக்கவசங்கள், இரண்டு அணிகள், இரும்பு முனையற்ற ஈட்டிகள்! ஜிரித் இதிலிருந்து பிறந்தது என்று முடிச்சுப்போடத் தோன்றும். போடக் கூடாது. துருக்கியர்கள் மத்திய ஆசியாவிலிருந்து தங்கள் சொந்தக் குதிரை மரபோடு வந்தவர்கள். குதிரையும் எறியீட்டியும் சேருகிற இடத்தில் இந்தப் பயிற்சி தானாகவே தேவைப்பட்டுவிடுகிறது.

ஒட்டோமான் அரண்மனையில் ‘முட்டைக்கோஸ்’, ‘வெண்டைக்காய்’ என்ற பெயர்களில் இரண்டு அணிகள் மோதின. அடிபட்டவர்களும் இறந்தவர்களும் உண்டு. 1826-ல் ஜானிசரி எனப்பட்ட காலாட்படையைக் கலைத்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜிரித்தையும் தடைசெய்தார். தலைநகரில் ஒடுங்கிய ஆட்டத்தைக் கிழக்குக் கிராமங்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் காப்பாற்றி வைத்தன.

இன்றைய விதிகளில் எதிராளிமேல் பட்டால் புள்ளி உண்டு. குதிரைமேல் பட்டால் புள்ளி போகும். துரத்திச் சென்று, தப்பவே முடியாத அளவுக்கு நெருங்கியபின் எறியாமல் மன்னித்து விட்டாலும் புள்ளி தருகிறார்கள்.