சுப்பராயன், ப. (1889–1962)

இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதர். சென்னை மாகாண முதலமைச்சர். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். 1926 முதல் 1930 வரை எந்தக் கட்சியையும் சாராமல் மாகாண அரசை நடத்தினார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளையும், 1947இல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறையையும் ஏற்றார்.

1949இல் ஜகார்த்தா சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 27இல்தான் டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவின் இறையாண்மையை ஒப்படைத்தனர். அடுத்த மாதமே சுகர்னோ இந்தியாவின் முதல் குடியரசு நாள் விருந்தினராக டெல்லி வந்தார். இரு புதிய குடியரசுகளின் உறவு உருவான அந்தக் காலத்தில், 1951 வரை, அங்கே இந்தியாவின் குரலாக இருந்தவர் கொங்கு நாட்டுக்காரர் என்பது அதிகம் பேசப்படாத பெருமை.

இந்தியை மத்திய ஆட்சிமொழியாக்கும் வழிகளை ஆராய்ந்த ஆட்சிமொழி ஆணையத்தில், மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே இவரும் பெரும்பான்மை அறிக்கைக்கு மாறுபட்டு எழுதிய குறிப்பு, இவருடைய துணிவுக்குச் சான்று. 1959 முதல் மத்தியப் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். 1962இல் மகாராஷ்டிர ஆளுநரானார். அவ்வாண்டு அக்டோபரில் பதவியிலிருந்தபோதே காலமானார்.

மனைவி ராதாபாய் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றவர். மக்களில் ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர். மோகன் குமாரமங்கலம் மத்திய அமைச்சராக இருந்தவர். பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.