கோடுகள் பல கொண்ட நகரம்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யான் சற்றுத் தயங்கினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்கு, மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுதும் தகுதி இல்லை. ஆயினும் நாம் அனைவரும் நாள்தோறும் மிதித்து நடக்கும் ஒன்றைப் பற்றிச் சிறிது அறிவேன். அதுதான் இப்புனே நகரத்தின் நிலம். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கோவில் கட்டலாம், எதில் பள்ளியோ மண்டபமோ எழுப்பலாம் என்று கூறும் விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். நமக்கென ஒரு சொந்த மண்டபம் வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு நடைபெறும் இவ்வேளையில் இதனை எழுதுவது பயன் தரும் என நம்புகிறேன்.

இடத்திற்கேற்ற தொழில் என்னும் முறை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக விளங்கியது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் பரதவரும், கைவினைஞரும், பண்டம் விற்போரும், யவனரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடியினர் வீதிகளும் அமைந்தன. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி இருந்தது. எங்கே எது இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

பேட்டைகளின் காலம்

புனேயின் பழம்பகுதி கசபா பேட். மராத்தியில் 'பேட்' என்பதும் நம் 'பேட்டை' என்பதும் ஒலியாலும் பொருளாலும் ஒத்தவை. சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் ராஸ்தா பேட்டில் குடியேறினால், பேட்டையை விட்டுப் பேட்டைக்கு வந்தவரே ஆவார்!

1730ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதலாம் பாஜிராவ் பேஷ்வா சனிவார் வாடாவிற்கு அடிக்கல் நாட்டினார். அரசின் இருக்கை இங்கு நிலைத்த பின்னர் பேட்டைகள் ஒவ்வொன்றாகப் பெருகின. சில வாரநாட்களின் பெயர் பெற்றன. சில, நானா பேட், ராஸ்தா பேட் என்பன போலத் தலைவர்களின் பெயரையும் குடும்பங்களின் பெயரையும் பெற்றன. வணிகரையும் தொழிலாளரையும் அழைத்து வந்து குடியேற்றும் பொறுப்பு, உரிமைகளோடு சிலருக்கு வழங்கப்பட்டது.

தொழிலுக்கேற்பத் தெருக்களும் பிரிந்தன. கசபா பேட்டில் செம்பு அடிப்போர் வாழ்ந்த தாம்பட் ஆளி, மூங்கில் முடைவோரின் புருட் ஆளி, குயவரின் கும்பார் வாடா ஆகியவை இன்றும் பெயரளவிலேனும் நிற்கின்றன. சூளையின் புகையும் சம்மட்டியின் ஓசையும் ஓரிடத்தில் அடங்கின. ஆனால் இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. இன்னாருக்கு இன்ன இடம் என்பதைத் தொழில் மட்டுமன்று, பிறந்த குலமும் முடிவு செய்தது. தாழ்த்தப்பட்டோர் ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டனர். கோடு என்பது காக்கவும் செய்யும், விலக்கவும் செய்யும் என்ற உண்மையை நாம் மறத்தலாகாது.

இரண்டு சட்டங்கள், ஒரே ஊர்

1817 நவம்பர் 5ஆம் நாள் கட்கிப் போர் நிகழ்ந்தது. பேஷ்வாவின் படை தோற்றது. அதன் பின்னர் ஆங்கிலேயர் பழைய நகருக்குக் கிழக்கே தம் படைக்குக் கண்டோன்மென்ட் அமைத்தனர். கட்கியில் மற்றொன்று எழுந்தது. பிற்காலத்தில் தேஹு ரோடும் அவ்வாறே ஆயிற்று. அன்று முதல் ஓர் ஊருக்குள் இரண்டு ஆட்சிகள் நடைபெறலாயின.

கண்டோன்மென்ட்டின் விதி தனி விதி. அங்குப் பல பங்களாக்களில் கட்டடம் மட்டுமே உரிமையாளருடையது, அடிநிலம் அரசினுடையது. வேண்டும்போது அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். குடியிருப்பைக் கடையாக மாற்றுவதற்கும், ஒரு சுவரைத் தள்ளிக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். 1924ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டம் இவற்றை ஒழுங்குபடுத்தியது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. ஆதலின் நகரில் செல்லும் ஒன்று காம்ப்பில் செல்லாது. வீதியின் இப்பக்கம் ஒரு விதி, அப்பக்கம் வேறு விதி.

இதனினும் கடுமையான விதி ஒன்று உண்டு. கட்கியில் 1869 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. தேஹு ரோட்டில் வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது. ரயில்வேயில் வெடிமருந்து ஏற்றிய வாகனை எஞ்சினை அடுத்துக் கோக்கமாட்டோம். இடையே வேறு வாகன்களைக் கோத்த பின்னரே வண்டியை அனுப்புவோம். அதே அறிவுதான் நிலத்திற்கும். 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம், இத்தகைய இடங்களைச் சுற்றி 2000 கஜம் வரை கட்டடங்களைத் தடுக்க வழி செய்தது. மக்கள் இதனை 'ரெட் ஸோன்' என்பர். தேஹு ரோட்டின் பக்கத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கு இச்சொல்லின் பொருளை யான் விளக்க வேண்டியதில்லை.

சந்தை இடம் மாறிய கதை

ஒரு காலத்தில் காய்கறிச் சந்தை சனிவார் வாடாவின் முன்னுள்ள வெளியில் கூடியது. அதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்ப நகரசபை முற்பட்டது. அந்நாளில் உறுப்பினராக இருந்த ஜோதிராவ் புலே, அப்பெருஞ்செலவு கல்விக்கு ஆகலாமே என்று எதிர்த்தார். ஆயினும் கட்டடம் எழுந்தது. 1886இல் கவர்னர் ரே பிரபுவின் பெயரால் திறக்கப்பட்டது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! அதே சந்தை இன்று மகாத்மா புலே மண்டை என வழங்குகிறது.

பின்னர் தானிய வணிகமும் நானா பேட், பவானி பேட் ஆகிய நெருங்கிய தெருக்களில் அடங்கவில்லை. 1970களில் மொத்த வணிகம் குல்டேக்டியிலுள்ள மார்க்கெட் யார்டுக்குப் பெயரலாயிற்று. சந்தை, சுடுகாடு, எண்ணெய்க் கிடங்கு, பள்ளி, மருத்துவமனை ஆகியவை வீட்டைப் போன்றவை அல்ல. ஊருக்கு இன்றியமையாதவை, ஆனால் எவரும் தம் வாயிலில் வேண்டாதவையும் அவற்றுள் உண்டு. இத்தகைய சிறப்புப் பயன்களுக்கு இடம் காண்பதே நகரமைப்பின் கடினமான பகுதி.

வரைபடம் வந்தது

1897இல் பிளேக் நோய் நகரை அலைக்கழித்தது. நெருக்கமான வாடாக்களில் காற்றும் வெளிச்சமும் இன்றி மக்கள் மாண்டனர். நோய்த் தடுப்பு என்ற பெயரில் வீடு புகுந்த கடுமை மக்களைக் கொதிக்கச் செய்தது. சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டது அவ்வாண்டில்தான். அதன் பின்னர், பரந்த இடத்தில் ஒழுங்காகக் குடியிருப்புகள் அமைய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1915இல் பம்பாய் மாகாணம் நகரமைப்புச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இதுவே முதலாவது. சென்னை மாகாணம் 1920இல் இவ்வழியைப் பின்பற்றியது. உலகிலும் அக்காலம் இவ்வெண்ணம் பரவிய காலமே. நியூயார்க் நகரம் 1916இல் நகர் முழுமைக்கும் மண்டல விதி வகுத்தது. 1926இல் அமெரிக்காவின் உச்சநீதிமன்றம், யூக்ளிட் என்ற சிற்றூர் குடியிருப்பையும் தொழிற்சாலையையும் பிரித்து வகுத்தது செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

புனே 1950 பிப்ரவரி 15ஆம் நாள் மாநகராட்சி ஆயிற்று. 1954ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் நகர் முழுமைக்கும் வளர்ச்சித் திட்டம் வேண்டும் என்றது. 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார நகரமைப்புச் சட்டம் இதனை மேலும் விரித்தது. புனேயின் வளர்ச்சித் திட்டம் 1966இலும், பின்னர் 1987இலும், 2017இலும் அரசின் ஒப்புதல் பெற்றது. இதனையே மக்கள் 'டி.பி.' என்பர். எந்த மனை குடியிருப்பு, எது வணிகம், எது பூங்கா, எது பள்ளிக்கு ஒதுக்கியது என்பதெல்லாம் அப்படத்தில் வண்ணம் வண்ணமாகக் காணும்.

இடையில் 1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. வீடிழந்தோருக்குப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இன்று ஆற்றோரம் நீலக்கோடும் சிவப்புக்கோடும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்திற்கு நீலம். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதற்குச் சிவப்பு. ஆற்றின் நினைவை மனிதன் மறந்தாலும் படம் மறவாதிருக்க வேண்டும் என்பதே கருத்து.

வடமேற்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைகளால் வளர்ந்து 1982இல் தனி மாநகராட்சி ஆயிற்று. சுற்றியுள்ள ஊர்களுக்கென 2015இல் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஏற்பட்டது. மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்களின் குன்றுகளில் 978 ஹெக்டேர் நிலம் பல்லுயிர்ப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. இவ்வாறு விதிகள் பலவாய் இருந்தமையின், மும்பை முதலிய சில இடங்கள் நீங்கலாக மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பை 2020இல் அரசு வெளியிட்டது. எனினும் கண்டோன்மென்ட்டும் படைத்துறை நிலமும் தனியே நிற்கின்றன. நம் ரயில்வேயும் தன் பணிக்கு வேண்டியவற்றைத் தன் சட்டப்படியே கட்டிக்கொள்ளும்.

என் அரைக் குண்டா நிலம்

இவற்றையெல்லாம் யான் கற்றது நூலகத்தில் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குன்றின் சரிவில் அரைக் குண்டா நிலம் வாங்கினேன். ஒரு குண்டா என்பது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1089 சதுர அடி. விலை மலிவு. விற்றவர் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். என் மனைவியின் இரண்டு வளையல்கள் அதில் சென்றன. வீடு கட்ட அனுமதி கேட்டபோதுதான், அது கட்டடம் எழுப்பக் கூடாத மலைச்சரிவு மண்டலம் என்று தெரிந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. "ஊரார் எல்லாரும் வாங்கினார்களே, நாமும் வாங்கினோம். படத்தை யார் பார்த்தார்கள்?" என்றாள் என் மனைவி. அவள் சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அது என்னை இன்றும் சுடுகிறது.

எனக்குச் சினம் உண்டு. ஆயினும் குன்றுகள் முழுதும் வீடானால் மழைநீர் எங்கே செல்லும், நம் பிள்ளைகள் எங்கே காற்று வாங்குவர் என்று எண்ணும்போது அக்கோட்டைப் பழிக்க மனம் வரவில்லை. பழிக்கத் தக்கது ஒன்றுதான். மொழி அறியாதவனுக்கும் கூலிக்காரனுக்கும் அக்கோடு எங்கே செல்கிறது என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

நாம் செய்யத் தக்கது

ஆதலின் அன்பர்களே, மண்டபத்திற்கு இடம் தேடும் முன் சில செயல்கள் வேண்டும். முதலாவது, அந்நிலம் மாநகராட்சியைச் சேர்ந்ததா, கண்டோன்மென்ட்டைச் சேர்ந்ததா, ஆணையத்தைச் சேர்ந்ததா என அறிதல் வேண்டும். இரண்டாவது, சாத்பாரா பத்திரத்தோடு நின்றுவிடாமல், மண்டலச் சான்று பெற்று வளர்ச்சித் திட்டப் படத்தில் மனையைக் காணுதல் வேண்டும். மூன்றாவது, வாயில் வீதியின் அகலத்தை அளத்தல் வேண்டும். குறுகிய சந்தில் குடும்பம் வாழலாம், ஆனால் கல்யாணம் நடைபெறும் மண்டபத்திற்கு அகன்ற வீதியும் வண்டி நிறுத்த இடமும் விதியால் வேண்டப்படும்.

நான்காவது மிகவும் முக்கியமானது. புதிய திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, குறித்த நாட்களுக்குள் எவரும் ஆட்சேபமும் ஆலோசனையும் எழுதித் தரலாம் என்று சட்டம் கூறுகிறது. இத்தனை ஆண்டுகளில் நம்முள் எத்தனை பேர் அவ்வாறு எழுதினோம்? ஊருக்குப் புதியவர்கள் என்று நாமே ஒதுங்கி நின்றோம். மூன்று தலைமுறை வாழ்ந்த பின்னும் புதியவர்களா நாம்? மராத்தி நன்கு எழுதப் படிக்க அறிந்த நம் இளைஞர் இருவரையும், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரையும் கொண்ட சிறு குழுவைச் சங்கம் இவ்வாண்டே அமைத்தல் நலம். என் அரைக் குண்டாவின் பத்திரங்களை அவர்களிடம் தருகிறேன். படம் பார்க்கப் பழகுவதற்கு அவை முதல் பாடமாக உதவட்டும்.