சில்லும் தகடும்

1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் போக்குவரத்து வரலாற்றிலே குறிக்கத்தக்க ஆண்டாகும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே இரும்புப்பாதை திறக்கப்பட்டு, குடாநாட்டின் முதற் புகையிரதம் ஓடத் தொடங்கியது அவ்வாண்டிலேயே. அதே ஆண்டில் இங்கிலாந்திலே பிரெடறிக் லாஞ்செஸ்ரர் என்னும் பொறியியலாளர், மோட்டார் வண்டியை நிறுத்துதற்குரிய புதிய உபாயமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சில்லோடு கூடச் சுழலும் உலோகத் தகடொன்றை இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவதே அவ்வுபாயம். பிரான்சு தேசத்தில் லூயி ரெனோ என்பார், மேளம் போன்ற உருளையின் உட்புறத்தே கட்டைகளை விரித்து அழுத்தும் வேறொரு முறையை அதே ஆண்டிற் கொண்டுவந்தார். டிஸ்க் பிறேக் எனவும் டிரம் பிறேக் எனவும் இன்று யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் அன்றாடம் வழங்கும் பெயர்கள் இவ்விரண்டின் வழிவந்தனவேயாம்.

தண்டவாளத்துக்கும் தகட்டுக்கும் பொதுவான பகையொன்று உண்டு. அது வெப்பம். சூடேறிய உலோகம் விரியும். விரிவதற்கு இடங்கொடாவிடின் வளையும். தண்டவாளம் பதித்தோர் இதனை அறிந்தே துண்டுக்குத் துண்டு சிறிய இடைவெளி விட்டனர். பழைய புகையிரதங்களிற் பயணஞ் செய்தோர் செவிக்குத் தாலாட்டாக அமைந்த அந்தத் 'தடக் தடக்' ஒலி, இடைவெளிகளைச் சில்லுகள் கடக்கும் ஒலியன்றி வேறன்று. அதனைக் குறையெனக் கருதி இடைவெளிகளை அடைத்திருப்பின், சித்திரை வெயிலிலே பாதை பாம்பென நெளிந்திருக்கும்.

புகையிரதம் வருமுன்னரே இவ்வறிவு குடாநாட்டில் இருந்தது. ஊர்க் கம்மாலையிலே மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டுவதைக் கண்டவர்கள் இதனை அறிவர். சில்லின் சுற்றளவிலும் சிறிது குறைவான அளவிற் பட்டையை வளைத்துப் பொருத்துவான் கொல்லன். நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சியதும் பட்டை விரியும். நான்கரை மீற்றர் சுற்றளவுள்ள பட்டை 400 பாகை செல்சியசு சூடேறினால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். குறட்டாற் பிடித்து மரச் சில்லின்மேல் அதனை இறக்கி, உடனே நீரை வார்த்தால், சுருங்கும் இரும்பு ஆரக்கால்களைக் குடத்தினுள் இறுக்கி, சில்லு முழுவதையும் ஒரே உடலாக்கிவிடும். தச்சனுங் கொல்லனும் வெப்பத்தை இவ்வாறு வேலைக்காரனாக்கிக் கொண்டனர். பிறேக்கை ஆக்கியோருக்கோ அது அடங்காத விருந்தாளியாயிற்று.

ஏனெனின், பிறேக்கு என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் பொறியேயன்றி வேறன்று. இருவர் ஏறிச்செல்லும் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் மொத்த நிறை 250 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் அதனை முற்றாக நிறுத்துகையிற் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரட்டித்து 120 கிலோமீற்றரானால், வெப்பம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். இவ்வளவும் சில வினாடிகளில் ஒரு மெல்லிய உலோகத்தினுட் புகுதல் வேண்டும்.

லாஞ்செஸ்ரரின் முயற்சி அக்காலத்திற் பரவவில்லை. அவர் அமைத்த செப்புக் கட்டைகள் தகட்டோடு உரைந்து காதைப் பிளக்கும் ஒலி எழுப்பின. புழுதி நிறைந்த வீதிகளில் விரைவிலே தேய்ந்தன. ரெனோவின் உருளையே அரைநூற்றாண்டு ஆட்சி செய்தது. ஆயினும் அதில் ஒரு பிறவிக்குறை இருந்தது. உருளை சூடேறி விரியும்போது, உள்ளிருந்து அழுத்தும் கட்டைகளை விட்டு அது விலகிப் போகின்றது. பிறேக்கு எப்போது மிகுதியாகத் தேவையோ, அப்போதே அது கைநழுவுகின்றது. தகட்டிலே நிகழ்வது இதற்கு நேர்மாறு. தகடு தடித்து, கட்டைகளை நோக்கியே வருகின்றது. திறந்த வெளியிற் சுழல்வதாற் காற்றும் அதனை எளிதிற் குளிர்விக்கின்றது. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் நகரில் நடந்த 24 மணிநேரக் கார்ப்பந்தயத்தில் டன்லப் தகட்டுப் பிறேக்குகள் பூட்டிய ஜகுவார் வண்டி வென்றதும், தகட்டின் சிறப்பை உலகம் ஒப்புக்கொண்டது. இருசில்லு வண்டிகளில் 1962இல் இத்தாலியின் லம்பிறெற்றா ஸ்கூட்டரும், பெரும் எண்ணிக்கையில் விற்பனையானவற்றுள் 1969இல் ஹொண்டாவின் சி.பி. 750 மோட்டார்ச் சைக்கிளும் இதனை மக்களிடம் கொண்டுசென்றன.

தகட்டுக்கும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியிருந்தது. கட்டைகள் கவ்வுவது அதன் வெளிவிளிம்பினை. வெப்பம் முதலில் ஏறுவதும் அங்கேயே. நடுப்பகுதியோ சில்லின் குடத்தோடு இறுகப் பூட்டப்பட்டுக் குளிர்ந்திருக்கும். வெளிவளையம் விரிய விரும்ப, நடுப்பகுதி தடுத்து நிற்க, இரண்டுக்குமிடையே நெருக்குண்ட உலோகம் கிண்ணம்போற் குவியத் தலைப்படும். 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தகடு 300 பாகை சூடேறின் அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றர் அளவு பெருகும். ஒரு மில்லிமீற்றர் அற்பமாகத் தோன்றலாம். கைப்பிடியில் உதறலை உண்டாக்கி ஓட்டுநரின் நெஞ்சைத் துணுக்குறச் செய்வதற்கு அதிலும் மிகச் சிறிய கோணலே போதும்.

பந்தயக் களத்திலே கண்ட தீர்வு எளிமையானது. தகட்டை இரண்டாகப் பிரித்தனர். கட்டைகள் கவ்வும் உருக்கு வளையம் வேறு. அதனைச் சில்லோடு சேர்க்கும் அலுமினிய நடுத்தாங்கி வேறு. இரண்டையும் பொபின் எனப்படும் சிறு உருள்வளையங்களால், மிகச் சிறிய இடைவெளி விட்டு இணைத்தனர். வளையம் தன் விருப்பப்படி வெளிநோக்கி விரியலாம். பக்கவாட்டிலே சற்று அசைந்து இரு கட்டைகளுக்கும் நடுவே தானே அமையலாம். ஆனால் சுழலும் திசையில் மட்டும் தாங்கியை விட்டு நழுவலாகாது. மிதக்கும் றோட்டர் என்னும் பெயர் இதனால் வந்தது. 1980களில் இது சந்தைக்கு வந்த வேக வண்டிகளிலும் இடம்பெற்றது. முற்றும் மிதப்பது, அரைவாசி மிதப்பது என இதில் இருவகை உண்டு. பின்னையதில் வில்வளையங்கள் வைத்து அசைவைக் கட்டுப்படுத்துவர். அதனால் ஒலி குறையும். முன்னையதோ வண்டியைத் தள்ளிச் செல்லும்போது கிலுகிலுப்பை போல ஒலிக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? சுண்ணாம்புக்கல் மேல் அமைந்த இச்சமநிலத்திலே மலைநாட்டின் இறக்கங்கள் இல்லை. திருக்கல் வண்டிக்குக் கயிற்றை இழுத்துக் காளையை நிறுத்தும் கையே பிறேக்கு. பின்வந்த ஹொண்டா எம்.டி. 90 முதலிய சிறு வண்டிகளுக்கு டிரம் பிறேக்கே போதியதாயிருந்தது. 1990இல் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகள் அவையே. அந்நாளைய மெக்கானிக்மாரின் கைத்திறனை எவ்வளவு புகழினும் தகும். கிடைத்ததைக் கொண்டு இல்லாததை ஆக்கிய தலைமுறை அது. 2002 சித்திரையில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரும், 2009இற் போர் முடிந்து தவணைக்கடன் நிறுவனங்கள் பெருகிய பின்னரும், முன்சில்லிலே தகடு பூட்டிய இந்திய வண்டிகள் குடாநாட்டில் நிறைந்தன. காப்பெற் இட்ட நேர்வீதிகளில் வேகமும் நிறைந்தது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு என்னும் கணக்கு இங்கே நினைவுகூரத்தக்கது.

இச்சிறு வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் மிதப்பது தகடன்று, கலிப்பர். தகடு ஒரே துண்டாக நிலைத்து நிற்க, அதனைக் கவ்வும் கலிப்பர் இரு ஊசிகளின்மேல் வழுக்கி நடுவமைகின்றது. இடங்கொடுக்க வேண்டிய இடம் மாறியதேயன்றித் தத்துவம் ஒன்றே. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையோர உப்புக்காற்றிலே இவ்வூசிகள் துருப்பிடித்து இறுகுவதுண்டு. இறுகினால் ஒருபுறக் கட்டை மட்டும் தேயும்; தகடு ஓயாது உரைந்து சூடேறும்.

பெரிய வண்டிகளின் மிதக்கும் றோட்டருக்கு நேரும் ஆபத்து வேறு. அதன் கிலுகிலுப்பைக் கேட்டு, தகடு ஆட்டங்கண்டுவிட்டது எனக் கருதும் ஒருவர், பொபின்களை அடித்து இறுக்கவோ ஒட்டு வைக்கவோ முற்படலாம். ஒலி நிற்கும். அடுத்த முறை வேகத்திலே பிறேக்கை அழுத்துகையில், விரிய இடமற்ற வளையம் கோணலாகும். அக்கோணல் கட்டைகளைப் பின்தள்ளிவிடும். மறுமுறை பிடிக்கும்போது கைப்பிடி வெறுமையாக உள்ளே செல்லும். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைத்திறனும் இங்கே உதவாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீளத் தொடங்கும் வரை பழைய வண்டிகளையே பேண நேர்ந்தபோது, இவ்வகைச் செப்பனிடுதலுக்கான தூண்டுதல் பெருகியிருந்தது இயல்பே.

பொபின் தேய்ந்ததோ இல்லையோ என்பதை ஒலியால் அறிய முடியாது. கையாற் பார்த்தே அறிதல் வேண்டும். தகடு ஆறிய பின்னர் வளையத்தைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது அசையும். அது அமைப்பின் இயல்பு. தாங்கியை அசையாது பிடித்துக்கொண்டு சுழலும் திசையில் முன்னும் பின்னுமாக அசைக்கையிலே தெளிவான ஆட்டம் தெரிந்தால், பொபின் தேய்ந்துவிட்டது. இறுக்குதல் மருந்தன்று, மாற்றுதலே வழி. தகடு எவ்வளவு தேயும்வரை பயன்படுத்தலாம் என்பதற்கான மிகக்குறைந்த தடிப்பு, பெரும்பாலான தகடுகளில் மில்லிமீற்றர் அளவிற் பொறிக்கப்பட்டிருக்கும்.